நிரம்பாத குழி

ஆரபியின் உதடு நீலமாகக் கிடந்தது. பிறந்து மூன்று மாதமும் ஆகாத பிள்ளையின் வாய் நாவற்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தால் பெற்றவள் என்ன பாடுபடுவாள்! தக்சாயினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் ஓடிவந்து பெரியம்மாவின் முற்றத்தில் நின்று குழறினாள். பெரியம்மா சிவகௌரி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தவள். கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவவில்லை. ஓட்டோவைக் கூப்பிட்டு, தாயையும் பிள்ளையையும் ஏற்றி, தானும் ஏறி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை வைரவரை ஒரு நிமிடம் சும்மா விடவில்லை.

நல்ல காலம், நேரத்துக்குப் போய்விட்டார்கள். ஊசி மருந்து ஏற, உதட்டில் மெல்ல மெல்ல இரத்த நிறம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி பெண்கள் இருவரையும் வெளியில் கூப்பிட்டு, பாலுக்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டாள். தாய்ப்பால் போதாமல் பால்மா கரைத்துக் கொடுக்கிற பிள்ளை அது. கிணற்றுத் தண்ணீர்தான், ஆனால் நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீர் என்று சிவகௌரி முந்திக்கொண்டு சொன்னாள். சொன்னதில் ஒரு பெருமையும் இருந்தது. ஒரு கொதியோடு இறக்கிவிடாதே, கொதிக்கக் கொதிக்கத்தான் சுத்தம் என்று தக்சாயினிக்குப் படிப்பித்தவள் அவள்தானே.

டொக்டர் பிள்ளை குரலைத் தணித்துச் சொன்னாள்.

"அம்மா, உந்தத் தண்ணியிலை நைத்திரேற்று கூடிப்போச்சுது போலை. அது சின்னப் பிள்ளையளின்ரை இரத்தத்தைக் கெடுத்து நீலமாக்கும். உது உப்பு மாதிரி. கொதிக்கக் கொதிக்கத் தண்ணிதான் ஆவியாப் போகும். உது சட்டிக்குள்ளையே நிண்டு தடிக்கும்."

சிவகௌரிக்கு அப்போதுதான் விளங்கியது. நஞ்சைக் காய்ச்சி இறுக்கி ஊட்டச் சொல்லியிருக்கிறாள்! தக்சாயினி பெரியம்மாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நைத்திரேற்று எங்கிருந்து வருகிறது என்று சிவகௌரி கேட்டதற்கு, தோட்டத்து உரத்தில் இருந்தும் வரலாம், மலசலகூடக் குழியில் இருந்தும் வரலாம் என்றாள் டொக்டர் பிள்ளை. சிவகௌரியின் காதில் உரம் என்ற சொல் மட்டும்தான் ஏறியது.

இந்தச் சிவகௌரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் இருக்கிற சின்னத் தெருவான வைரவர் ஒழுங்கையின் மாதர் சங்கத்துச் செயலாளர். ஒழுங்கையில் ஒரு பொலித்தீன் பை பறந்தாலும் அது எந்த வீட்டுப் பை என்று கண்டுபிடித்து, அந்த வீட்டுப் படலைக் கதவிலேயே கொண்டுபோய்க் கட்டித் தொங்கவிடுகிற மனுசி. ஆட்கள் முகத்துக்கு நேரே சிரித்து, திரும்பியதும் வாய்க்குள் திட்டுவார்கள். திட்டினாலும் குப்பையைப் போட மாட்டார்கள். ஒழுங்கை கண்ணாடி மாதிரி இருந்தது என்றால் அது அவளால்தான். பொய் சொல்லக்கூடாது.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. தகப்பன் வளவுக் காணியை அவளும் தங்கச்சியும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தங்கச்சி தன் பாதியை மகள் தக்சாயினிக்குச் சீதனமாக எழுதிவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டாள். தக்சாயினியின் புருசனுக்குக் கட்டாரில் வேலை. ஆக, ஆரபியின் முதல் அழுகையில் இருந்து முதல் தும்மல்வரை பார்த்தவள் சிவகௌரிதான். அந்தப் பிள்ளை வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். வேறொன்றும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

ஒழுங்கை முடிவில் கனகலிங்கத்தின் வெங்காயத் தோட்டம். யூரியாவை அள்ளி எறிகிறவர் என்று பெயரெடுத்தவர். ஏற்கெனவே அவருக்கு ஒழுங்கையில் நல்ல பேர் இல்லை. காரணம் வேறு. அவருடைய கக்கூஸ் குழி ஒவ்வொரு மாரியோடும் நிரம்பும். அள்ளுவதற்குப் பவுசர் வண்டி வரும். பவுசர் வருகிற அன்று ஒழுங்கை முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த மனுசன் ஒரு குழிகூட ஒழுங்காக வெட்டத் தெரியாதவன் என்று சிரிக்கும்.

சிவகௌரி ஆஸ்பத்திரியில் இருந்து நேரே போனது அவருடைய தோட்டத்துக்குத்தான். சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் பின்னால். கனகலிங்கம் மண்வெட்டியோடு நிமிர்ந்து, என்ன பிள்ளை என்று கேட்டு முடிக்க முன்னமே அவள் தொடங்கிவிட்டாள்.

"நீங்கள் வெங்காயத்துக்கு உரம் போடேல்லை, அண்ணை. எங்கடை பிள்ளையின்ரை பால் போத்தலுக்குள்ளை போட்டிருக்கிறியள்."

மனுசனின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விட்டால்தானே! பிள்ளைகொல்லி என்ற சொல்லும் வந்துவிட்டது. வாயில் இருந்து விழுந்த சொல் அன்று பின்னேரத்துக்குள் ஒழுங்கையின் எல்லா வீடுகளுக்கும் போய்விட்டது. அதன்பிறகு அவரோடு ஒருவரும் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

அடுத்த கிழமை, பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, சுகாதாரப் பரிசோதகர் கேதீஸ்வரன் வந்தான். இளம் பொடியன், ஆனால் நிதானமானவன். தக்சாயினி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த முடிவோடு வந்திருந்தான். நைத்திரேற்று இருக்கிறது. உரத்துக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் மலத்தில் இருக்கிற கிருமியும் அதே தண்ணீரில் இருக்கிறது, அது யூரியாவில் இருந்து வராது என்று அவன் பக்குவமாகச் சொன்னான். பக்கத்துக் குழிகளில் ஒவ்வொன்றாகச் சாயத்தைக் கரைத்து ஊற்றிப் பார்ப்போம், எது கிணற்றுக்கு வருகிறது என்று தெரிந்துவிடும், சாயம் ஒன்றும் செய்யாது என்றான்.

கூடிநின்ற அயலவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். யாருக்குத்தான் தன் கக்கூஸைத் திறந்துகாட்ட மனம் வரும்? சிவகௌரிக்கு எரிச்சல் வந்தது. எங்கள் வீட்டிலேயே தொடங்கு தம்பி, மற்றவர்கள் பிறகு கதை சொல்ல ஏலாது என்றாள். கையோடு பெருமையையும் சொன்னாள். தங்களுடைய குழி வெட்டிப் பதினெட்டு வருசம், ஒரு நாளாவது நிரம்பியதில்லை. மேசன் பிலிப்பு அடிப்பாறையில் அலவாங்குக் கடப்பாரையை இறக்கியபோது அலவாங்கு நழுவி உள்ளே போய்விட்டதாம். கீழே பெரிய குகை, பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிரம்பாது, அதிர்ஷ்டம்தான் அக்கா என்று அவன் கைகொடுத்தானாம். புருசன் இராசநாயகமும் பக்கத்தில் நின்று, ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

கேதீஸ்வரன் சிரிக்கவில்லை. கையில் இருந்த பேனையைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, சாயத்தை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தான். சாயத்தை ஊற்றி, வாளி வாளியாகத் தண்ணீரும் ஊற்றி, அந்தப் பக்கம் தக்சாயினி வீட்டுக் கிணற்று மோட்டாரைப் போட்டு விட்டுப் போனான்.

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முதல் கிணற்றடிக்குப் போனவள் சிவகௌரிதான். தன் வீட்டுக் குற்றமில்லை என்று முடிந்துவிட்டால் அடுத்த வீட்டைப் பார்க்கலாமே என்ற அவசரம். கேதீஸ்வரன் வந்தான். அயலும் வந்தது. கனகலிங்கமும் வந்து, தள்ளி, பூவரசோடு நின்றார். சிவகௌரியே வாளியை இறக்கி, தானே இழுத்தாள்.

வாளி மேலே வந்தது. தண்ணீர் கிளிப்பச்சை.

அவள் வாளியைப் பிடித்தபடியே நின்றாள். வாளியைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.  பச்சை, பச்சை, அந்தப் பச்சையைத் தவிர உலகத்தில் ஒன்றும் இல்லை. தன் வீட்டுக் கழிவு. தன் கையால் கழுவி, தன் கையால் காய்ச்சி, ஆரபியின் வாயில் வைத்த போத்தல். சே! பதினெட்டு வருசம் ஒரு குழி நிரம்பாமல் இருந்தால், போட்டதெல்லாம் எங்கே போகிறது என்று ஒரு நாள், ஒரேயொரு நாள் யோசித்தாளா? பொலித்தீன் பை எந்த வீட்டுப் பை என்று மோப்பம் பிடித்தவளுக்கு இது மணக்கவில்லையே.  கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டாள்.

அப்போதுதான் இன்னொன்று நடந்தது. கூடிநின்றவர்களுக்கு ஒரு நிம்மதி. அவர்களுடைய முகங்களில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. ஆள் பிடிபட்டாயிற்று, இனி நம்மைச் சோதிக்கத் தேவையில்லை. பாவம் சிவகௌரி அக்கா என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள். இரண்டு பேர் படலைப் பக்கம் மெல்ல நகர்ந்தார்கள். அவள் எழும்பினாள். எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, போய்ப் படலையைச் சாத்தி, அதிலே முதுகைக் கொடுத்து நின்றாள்.

"ஒருத்தரும் போக வேண்டாம். எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. ஆரின்ரை குழி நிரம்பி அள்ளினது? கையை உயர்த்துங்கோ."

ஒருவரும் உயர்த்தவில்லை. கூத்தைப் பாருங்கள், எத்தனை கலியாண வீட்டுப் பந்தியில், எத்தனை செத்த வீட்டுக் கொட்டிலில் இந்தப் பெருமையை அளந்திருப்பார்கள், எங்கள் குழி நிரம்பாது, எங்கள் குழி நிரம்பாது என்று. இப்போது அதே பெருமை குற்றமாகிவிட்டது. தனுசியா என்ற இளம் பெண் தன் வளவுப் பக்கம் பார்த்தாள், பிறகு தன் வயிற்றைத் தொட்டாள். அவளுக்கு ஏழு மாதம். அப்ப நாங்கள் குடிக்கிறது ஆரின்ரை என்று மெல்லக் கேட்டாள்.  

சிவகௌரி கேட்டதற்கு, பூவரசோடு நின்ற கனகலிங்கம் மட்டும் கையை உயர்த்தினார்.

கெட்டித்தனத்தால் இல்லை, தன் வளவில் பாறை வெடிக்காமல் இருந்தது அவ்வளவுதான் என்று அவரே சொன்னார். யூரியாவில் தன் பங்கும் இருக்கும் என்று பரிசோதகர் தம்பி சொன்னதைக் கேட்டனான் என்றும் சொன்னார். சிவகௌரியின் பக்கம் அவர் பார்க்கவில்லை.

அன்று பகலே அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தொலைபேசியில் சொல்லக்கூடிய விசயமா இது? பிள்ளை தக்சாயினியின் மடியில் நித்திரை. உதடு ரோசாவாக இருந்தது. பெரியம்மா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பச்சையைச் சொன்னாள், குகையைச் சொன்னாள், பதினெட்டு வருசத்தையும் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றும் இருந்தது. தக்சாயினி திட்டவில்லை. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிப் பிள்ளையை விட்டதும் உடுப்பிட்டிக்கு, மாமி வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். சிவகௌரி தன் கக்கூஸை இன்றைக்கே மூடிவிடுவதாகச் சத்தியம் பண்ணினாள்.

"உங்கடையை மூடினாப் போலை என்ன, பெரியம்மா? கீழை எல்லாம் ஒரே தண்ணி. ஒழுங்கை முழுக்க மூடினாச் சொல்லுங்கோ. அப்ப வாறன்."

தக்சாயினி பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள்.

அன்று பின்னேரம் இராசநாயகம் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச, சிவகௌரி அலவாங்கால் கக்கூஸ் கோப்பையை அடித்து உடைத்தாள். அயல் வேலிக்கு மேலால் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் உடைத்தாள். அடியும் சுவரும் சீமெந்தால் மூடிய தொட்டியாகத் தாங்கி கட்டினால் ஒரு சொட்டும் நிலத்துக்குள் போகாது, நிரம்பும், பவுசர் வந்து அள்ளும், அதுதான் வழி என்று கேதீஸ்வரன் சொல்லியிருந்தான். சங்கத்து ஆட்கள் முறைக்கு முறை வேலை செய்து ஒவ்வொரு வீடாகக் கட்டலாம். ஆனால் கட்டி முடியுமட்டும்?

கட்டி முடியுமட்டும் கக்கூசுக்குப் போவதற்கு ஒழுங்கையில் ஒரேயொரு வீடுதான் இருந்தது. விடியக் காலமை, ஒரு வாளியோடு, கனகலிங்கத்தின் படலையில் போய் நின்றாள் சிவகௌரி, சங்கத்துச் செயலாளர். வெட்கத்தில் உடம்பு கூசியது. அவர் வந்து படலையைத் திறக்காமல் நின்றார்.

"என்னைப் பிள்ளைகொல்லி எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் அண்ணை, சொன்னனான். அந்தச் சொல்லு என்னைச் சேர வேண்டியது."

 மன்னிப்பு என்று ஒரு சொல்லும் அவர் வாயில் இருந்து வரவில்லை. படலையின் கொண்டியை எடுத்துவிட்டு, பின்பக்கம் என்று கையைக் காட்டினார். அவள் திரும்பி வரும்போது படலையில் தனுசியா நின்றாள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கையில் வாளியோடு. அவளுக்குப் பின்னால் அவளுடைய மாமியார், சால்வையால் முகத்தை மறைத்துக்கொண்டு. கிழமை முடிய இன்னொரு வீடும் தன் குழியை மூடிவிட்டு வந்து சேர்ந்தது. மற்றவர்கள் யோசிக்கிறோம் என்றார்கள், மாரி போகட்டும் என்றார்கள், எங்கள் குழி வேறு பக்கமாகத்தான் ஓடும் என்று ஒருவர் சத்தியமும் பண்ணினார்.

தக்சாயினி உடுப்பிட்டியில் இருந்து தொலைபேசி எடுத்தாள். பின்னால் ஆரபி ஏதோ முனகுகிற சத்தம் கேட்டது. சிவகௌரி தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்து அந்த முனகலைக் கேட்டாள்.

"எத்தினை வீடு, பெரியம்மா?"

"மூண்டு."

 

"அப்ப நாங்கள் இன்னும் வரேலாது" என்றாள் தக்சாயினி.

சிவகௌரி தொலைபேசியை வைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், நாலாவது வீட்டுப் படலையைத் தட்டினாள்.