வைக்கோலுக்குள் துவக்கு

"சித்தப்பா, உள்ளை வராதேங்கோ. நானே வார்க்கிறன்" என்றான் லவன்.

கிணற்றடியில் பிரேதத்தைச் சுற்றிச் சேலையால் கட்டிய மறைப்புக்கு வெளியே தம்பிஐயா அரப்புக் கிண்ணத்தோடு நின்றார். சேலையின் ஒரு தலைப்பை லவனின் தங்கை அஜந்தா பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ரை தமையனெடா. நான் அரப்பு வைக்காமல் வேறை ஆர் வைக்கிறது?"

"அப்பா வெக்கப்படுற மனுசன். தலையிலை மட்டும் வைச்சிட்டுப் போங்கோ."

கிழவர் மறைப்புக்கு மேலால் எட்டி, தமையனின் தலையில் அரப்பைத் தடவிவிட்டு அழுதபடி போனார். அப்பாவின் வலது தொடையில் இருந்த ஓட்டையை அவர் காணவில்லை. அதைப் பஞ்சால் அடைத்துப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றியிருந்தவள் அஜந்தாதான்.

இவ்வளவுக்கும் அப்பா துவக்குக்கு லைசன்ஸ் கேட்டு அலைந்தவர். மாட்டுக் கள்ளர் சினைப்பசுவை வளவின் பின்னாலேயே அறுத்து, தலையை மட்டும் விட்டுப்போன நாளிலிருந்து விதானையார், பொலிஸ், கச்சேரி என்று இரண்டு வருடம் நடந்தார். பரிசீலனையில் உள்ளது என்ற கடிதத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. பொறுமை போனது லவனுக்குத்தான். வன்னியிலிருந்து ஒரு நாட்டுத் துவக்கை உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்தான். சைக்கிள் சில்லுக்கென்று அப்பா தகரப்பேணியில் சேர்த்திருந்த இரும்புக் குண்டுகளை அள்ளி அதற்குள் போட்டுக் கெட்டித்து, வைக்கோலுக்குள் ஒளித்தான்.

"அப்பாட்டைச் சொல்லிப்போடாதை. லைசன்ஸ் இல்லாததெண்டால் மனுசன் தானே கொண்டுபோய்ப் பொலிசிலை குடுத்திடும்."

அஜந்தா சொல்லவில்லை. நேற்று விடிய, அப்பா மாட்டுக்கு வைக்கோல் இழுத்தார். உள்ளே துவக்கு வெடித்தது.

முதலில் அவரும் சம்மதித்தார். "ஆசுப்பத்திரி வேண்டாம். பொலிஸ் வரும். பெடியன்ரை அலுவல் கெட்டுப்போம்" என்றார். லவனின் கனடாப் பயணத்துக்குப் பொலிஸ் ரிப்போட் ஒன்றுதான் மிச்சம். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அஜந்தா சாறத்தைக் கிழித்துத் தொடையைக் கட்டினாள். கட்டக் கட்ட நனைந்தது.

பதினொரு மணிக்கு அப்பா மாறிவிட்டார்.

"பிள்ளை, ஏலாமல் கிடக்கு. கொண்டு போங்கோ. விழுந்து போனன் எண்டு சொல்லுவம்."

"விழுந்தால் ஓட்டை விழுமோ அப்பா?" என்றான் லவன்.

மத்தியானம் பக்கத்து வளவு இரஞ்சிதம் படலையடியில் நின்று கூப்பிட்டாள். "அஜந்தா, அப்பாவை இண்டைக்குக் காணேல்லை?"

அப்பா வாயைத் திறந்தார். அஜந்தா கையால் பொத்தினாள். "காய்ச்சலக்கா, படுத்திருக்கிறார்" என்று யன்னலால் குரல் கொடுத்தாள்.

கையைத் தட்டிவிட அப்போதும் அவருக்குப் பெலன் இருந்தது. தட்டவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்தது.

குளிப்பாட்டி வேட்டி உடுத்திக் கிடத்தியபின் விதானையார் வந்தார். லவன் சொன்னபடி மாரடைப்பு என்று எழுதிக்கொண்டார்.

"துவக்கு லைசன்சுக்கு நான்தான் சிபாரிசு எழுதினனான். பாவம், அதைக் காணாமலே போட்டார்."

"ஓம் ஐயா" என்றான் லவன். பின்னேரம் எரித்தார்கள்.

மறுநாள் காடாத்து முடிந்து சுடலையிலிருந்து வந்தவன், அவள் கையில் எதையோ வைத்துப் பொத்தினான்.

"எலும்பு பொறுக்கேக்கை கண்டனான். வேறை ஒருத்தரும் காணேல்லை. எங்கையாவது எறி."

சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமைக்கு வெள்ளைச் சேட்டை ஸ்திரிக்கை போடப் போனான்.

அஜந்தா கொட்டிலுக்குப் போய் அப்பாவின் தகரப்பேணியைத் திறந்து, கையிலிருந்ததை உள்ளே போட்டாள். எண்ணெய் மினுக்கத்தோடு கிடந்த குண்டுகளுக்குள் அது ஒன்றுதான் கறுப்பு. மூடிக் குலுக்கினாள்.

"என்னடி சத்தம்?" உள்ளேயிருந்து லவன் கேட்டான்.

"ஒண்டுமில்லை அண்ணை."

திறந்து பார்த்தாள். அது மேலேயே கிடந்தது. மூடி, மறுபடியும் குலுக்கினாள்.