நெல் முடிந்த இடம்

நெல் முடிந்த பிறகும் பிரியந்தினி வலப்பக்கமாகவே வானை ஓட்டிக்கொண்டு போனாள். காலபோக நெல் வெட்டி முடிகிற மாசி மாதத்தில் இரணைமடு வாய்க்கால் வீதியில் பாதி காயப்போட்ட நெல்லுக்குத்தான் சொந்தம். பஸ்கூட முனகிக்கொண்டு மற்றப் பாதிக்கு ஒதுங்கித்தான் போகும். அவளும் ஒதுங்கினாள். இடப்பாதியில் அதே ஊர் விமலேஸ்வரியின் நெல் நீளமாகக் காய்ந்துகொண்டிருந்தது, ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருந்தது. நெல் முடிந்தது, கல்லும் முடிந்தது, வீதி வெறிச்சென்று கிடந்தது. திரும்ப இடப்பக்கம் வரவேண்டுமென்று அவளுடைய கைக்குத் தோன்றவேயில்லை. பத்தொன்பது வருடம் சுவிஸில் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கை அது, அந்தப் பக்கத்தில் அதற்கு நல்ல சுகமாக இருந்தது. வளைவில் மீன்காரன் விஜிதரனின் மோட்டார் சைக்கிள் எதிரே வந்தபோதும் அவள் முதலில் நினைத்தது, இவன் ஏன் பிழையான பக்கத்தில் வருகிறான் என்றுதான்.

அவர்கள் வந்து நாலு மாதம்தான். கணவன் ஜெயந்தனின் அப்பாவுடைய காணியில் வீடு கட்டி, மகள் யதுர்ஷிகாவை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, இனி ஊர்தான் என்று வந்தவர்கள். இது ஜெயந்தனின் ஆசை. அவளுக்கு அரை மனதுதான், ஆனால் வந்த பிறகு அவள்தான் முதலில் வேர் விட்டாள். பேர்ண் நகரத்தில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை பார்த்தவள், பனி கொட்டுகிற நாளிலும் கார் ஓட்டியவள். மாடும் நாயும் சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே வருகிற இந்த வீதிகளைப் பார்த்து ஜெயந்தன் வான் திறப்பை அவளிடமே கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்து புத்தி சொல்லும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டான். முதல் கிழமை அவள் திரும்புவதற்குச் சமிக்ஞை போடப் போக, ஒவ்வொரு முறையும் கண்ணாடி துடைப்பான்தான் ஆடியது. வெயிலில் கண்ணாடி துடைத்துக்கொண்டு போகிற வானைப் பார்த்து ஊரே சிரித்தது. யதுர்ஷிகாவுக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. சந்திகளில் திரும்பும்போதெல்லாம் அவள் "இடப்பக்கம், அம்மா" என்று சொல்லவேண்டும். சந்தியில்தான் பிழை வரும் என்று மூவரும் நம்பினார்கள். நேர் வீதியில் பிழை வரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அன்றைக்குப் பிள்ளை பின் சீற்றில் நித்திரை.

விஜிதரன் குளத்தில் மீன் பிடித்து விற்கிறவன். வான் மோதியதில் அவனுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வயலுக்குள் நின்றவர்கள் ஓடிவந்து அவனைத் தூக்கினார்கள், வானைத் தள்ளி ஓரமாக்கினார்கள், சிந்திய மீனைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார்கள். வான் தன்னுடைய பக்கத்தில் வந்தது என்று மட்டும் அவன் சொன்னான். றோட்டில நெல்லைப் போட்டால் இப்பிடித்தான் என்று ஒரு கிழவர் சொன்னார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல் கையில் கிடைத்ததும் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பொலிஸ்காரர் வருவதற்கு முதலே பயத்தில் விமலேஸ்வரி நெல் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். நெல் எங்கே முடிந்தது என்பதற்கு அவளுக்குச் சாதகமாக இருந்த ஒரே சாட்சியும் அதுதான். பிரியந்தினி மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு பிரியந்தினியும் விமலேஸ்வரியும் ரவுன் பொலிஸ் நிலையத்துக்கு வந்து வாக்குமூலம் தரவேண்டும் என்று பொலிஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் எல்லாவற்றையும் ஜெயந்தனிடம் சொன்னாள்.

"நீ பொய் சொல்லத் தேவையில்லை. நெல் கிடந்தது, விலகினனீ, அவன் வந்தான். மூண்டும் உண்மைதானே."

"நாலாவது ஒண்டு இருக்கு."

"அதை ஆரும் கேக்கேல்லை." பிறகு குரலைத் தணித்துச் சொன்னான். "இந்த ஊரில நாங்கள் சீவிக்கவேணும், பிரியா."

அவன் கெட்டவன் இல்லை. விஜிதரனைப் பார்க்க ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனான், செலவெல்லாம் தன்னுடையது என்றான். அதுதான் அவளுக்கு இன்னும் பாரமாக இருந்தது. விமலேஸ்வரியும் இந்த ஊரில்தானே சீவிக்கவேண்டும் என்று கேட்க வாய் வந்தது, ஆனால் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காக அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

புதன்கிழமை பின்னேரம் அவள் தனியே நடந்து போனாள். அடிபட்ட இடத்தில் தாரில் கிடந்த கண்ணாடித் தூளிலிருந்து காலடி எண்ணிக்கொண்டு, கொக்குகளும் கோழிகளும் மிச்ச நெல்மணியைக் கொத்துகிற இடம்வரை போனாள். இருநூற்று முப்பது காலடி. ஐம்பதுக்குள் இருந்தால் மனதைச் சமாளித்திருப்பாள், உண்மையில் அப்படி ஒரு ஆசையோடுதான் போயிருந்தாள். திரும்பும் வழியில் விமலேஸ்வரியின் வீடு. தனியாளாய் இரண்டு ஏக்கர் செய்கிறவள். முற்றத்தில் சாக்குகள் அடுக்கியிருந்தன. அரைகுறையாய்க் காய்ந்த நெல் கட்டிவைத்த சாக்குக்குள் சூடேறிப் புளித்த மணம் வேலிவரை வந்தது. வீதியில் ஒரு மணி போட்டாலும் வழக்குத்தான் என்று யாரோ அவளை வெருட்டியிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு விமலேஸ்வரியே வந்தாள். சைக்கிளைக் கேற்றில் சாத்திவிட்டு, கைபிடியில் கொழுவியிருந்த பையை எடுத்து உள்ளே சீமெந்தில் வைத்தாள். வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்காயும் பயற்றங்காயும். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. ஜெயந்தன் தேத்தண்ணிக் கோப்பையோடு விறாந்தையில் நின்றான்.

"என்ர நெல்லாலதானே தங்கச்சி உங்களுக்கு இந்தக் கரைச்சல். பிள்ளையையும் வச்சுக்கொண்டு வந்தனீங்கள், நினைச்சா நெஞ்சு பதறுது." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நான் பொலிசுக்குப் போனதே இல்லை. என்ன சொல்லவேணும் எண்டு நீங்கள் சொல்லித் தாங்கோ. அப்பிடியே சொல்லுறன்."

ஜெயந்தன் கோப்பையைச் சுவரில் வைத்தான். பிரியந்தினி அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, உங்கட நெல்லில ஒரு பிழையும் இல்லை. நெல் முடிஞ்சு கனதூரம் போனபிறகுதான் அடிபட்டது. நான்தான் திரும்ப இடப்பக்கம் வரேல்லை. மறந்துபோனன். அங்க ஓடின பழக்கம்."

விமலேஸ்வரி அவளையே பார்த்தாள். முகத்தில் ஆறுதல் வரும் என்று பிரியந்தினி எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

இப்போதுதான் யோசித்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஜெயந்தன் அதைத்தான் விரும்பியிருப்பான்.

"அண்டைக்கே தெரியும், அக்கா."

விமலேஸ்வரி ஏசவில்லை. குனிந்து, சீமெந்தில் வைத்த பையை எடுத்தாள். ஒரு பயற்றங்காய் வெளியே நழுவிக் கிடந்தது, அதையும் பொறுக்கி உள்ளே போட்டாள். கேற்றைத் தாண்டிப் போய்ப் பையைத் திரும்பவும் கைபிடியில் கொழுவினாள். தன் வீட்டுப் பக்கம் போகவில்லை. சைக்கிளை ரவுன் பக்கம் திருப்பி, வெயிலில் அதைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி பிரியந்தினிக்காகக் காத்து நின்றாள்.