ஏழாம் எண் அபாயம்

ஹபிபுல்லா ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுவார் என்று பந்தயம் கட்டினால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த இரும்பாலையில் வேலை செய்யும் யாரும் நாற்பதைத் தாண்ட மாட்டார்கள். அதிலும் பாதி ‘ஹெல்மெட்’ என்பதாகத்தான் இருக்கும். அங்கே அவர் பாதுகாப்பு அதிகாரி. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில் என்று இருபத்தெட்டு வருஷமாகப் போய்வருகிறவர். ரயிலில் ஒரு புத்தகத்தைப் பிரித்தாரானால் கும்மிடிப்பூண்டி வந்துதான் அதை மூடவைக்க வேண்டும்.

வாயில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அவர் எழுத்தில் செலவழித்தார். ஆலையில் படிக்கட்டு, கிரேன், உலை, கழிப்பறை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு போர்டு இருக்கும். அபாயம் இன்னது, தடுப்பு இன்னது என்று சிவப்பில் எழுதியிருக்கும். வாசகம், ஹபிபுல்லா.

அவருடைய ஒரே மகள் மாஹிராவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை ரிஜ்வான், மாவட்டத்தின் அந்தக் கோடியில் இருக்கிற பொதட்டூர்பேட்டைக்காரர். இந்தக் கோடிக்கு எப்படி வருவது என்று அவர்கள் வீட்டிலிருந்து தினமும் நாலு பேர் போன் செய்தார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாஹிரா, இந்தப் போன் தொல்லைக்காகவே கல்யாணத்துக்கு ஒரு வெப்சைட் செய்தாள். பத்திரிகையின் பின்பக்கம் ஒரு கியூஆர் கோடு. செல்போனைக் காட்டினால் எல்லாம் திறக்கும்.

“வாப்பா, ‘விருந்தினர்களுக்கு’ன்னு ஒரு பக்கம் காலியா இருக்கு. எந்த பஸ்ஸு, எங்க வண்டி நிறுத்தணும், எத்தினி மணிக்கு நிக்காஹ், எத்தினி மணிக்கு சாப்பாடு. அவ்ளோதான். உங்களாண்ட குடுத்தா நாலு வரியில முடிச்சிடுவீங்க.”

ஹபிபுல்லா தலையாட்டினார்.

“ஏன்டி, ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?” என்றாள் அவர் மனைவி மெஹர்னிசா. “மளிகை லிஸ்ட் எழுதச் சொன்னா, எண்ணெய் சிந்தினா மண்ணு போடவும்னு எழுதற மனுசன்.”

அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஹபிபுல்லா மூன்று நாள் மாலையில் கல்யாண மண்டபத்துக்குப் போய் மூலை மூலையாகப் பார்த்தார். ஏணி வாங்கி மேலே ஏறினார். பிறகு எழுதினார். நாலு வரி, பதினொரு பக்கம் ஆனது. மாஹிரா அதை ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபடியே வாங்கி, வாப்பா எழுதியதில் என்ன தப்பு இருக்கப்போகிறது என்று படிக்காமலேயே ஏற்றிவிட்டாள்.

உபயோகமான எழுத்துதான், குறை சொல்ல முடியாது. பொன்னேரியிலிருந்து வரும் பஸ்ஸில் பத்து மணிக்கு மேல் வலது ஜன்னலில் வெயில் அடிக்கும் என்று போட்டிருந்தார். மண்டபத்தின் மூன்றாவது மின்விசிறி சத்தம் போடும், ஆனால் விழாது, ஏறிப் பார்த்தாகிவிட்டது. கை கழுவும் தொட்டி முன்னால் தரை வழுக்கும். பன்னீர் தெளிக்கிறவர் வரும்போது கண்ணை மூடிக்கொள்ளவும், தேய்க்க வேண்டாம். தடித்த எழுத்தில் ஒன்று: ‘மூன்று முறை விசில் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, எதிரே உள்ள வேப்பமரத்தடியில் கூடவும். தலை எண்ணப்படும்.’

எல்லாம் வரிசை எண்ணோடு இருந்தன. ஏழாம் எண்ணை எழுதுவதற்கு முன் மட்டும் அவர் ஒரு வாரம் யோசித்தார்.

பழவேற்காட்டில் அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணியை சஹனில் வைப்பார்கள். சஹன் என்பது அகலமான தாம்பாளம். நாலு பேர் அதைச் சுற்றிச் சம்மணமிட்டு, அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும். நடுவில் கோடு கிடையாது. மரியாதைதான் கோடு. அந்தக் கோடு மெஹர்னிசாவின் அண்ணன் தாஹாவின் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. கடைத்தெருவில் வலையும் கயிறும் விற்கிற தாஹா நல்ல மனிதர், ஊருக்கே உபகாரி. ஆனால் சஹன் முன் உட்கார்ந்துவிட்டால் அவர் வலது கை தனி ஆள்.

ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கும், ஆலையிலிருந்து வரப்போகிறவர்களுக்கும் தெரியாது. தெரிந்த அபாயத்தை எழுதாமல் விடுவதும் விபத்துதான் என்று ஆலை கேண்டீனுக்கு எதிரே ஒரு போர்டு இருக்கிறது. ஹபிபுல்லாவே எழுதியது. அவர் காலை நாஷ்டாவுக்குப் போகும்போதெல்லாம் அந்த போர்டு அவரையே பார்த்தது. எட்டாம் நாள் எழுதிவிட்டார்.

‘எண் 7. அபாயம்: தாஹா (மணமகளின் தாய்மாமன்). இடம்: சஹன். பாதிக்கப்படுவோர்: இரு பக்கமும் அமர்பவர்கள். விவரம்: பேசிக்கொண்டே கை வரும். திரும்பிப் பார்த்தால் சிரிப்பார். சிரித்து முடிக்கும்போது கறி இருக்காது. முந்தைய சம்பவம்: ஒரு நிக்காஹ்வில் அதை நடத்திவைத்த காஜியாருக்கு முட்டை மட்டும் மிஞ்சியது. தடுப்பு: பக்கத்தில் அமராமல் எதிரே அமரவும். கறியை முதலில் சாப்பிடவும். அபாய அளவு: உயர்வு.’

பத்திரிகை அறுநூறு வீட்டுக்குப் போனது. மூன்றாம் நாள், கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கையில், நாகமுத்து என்கிற மீன்பிடிக்காரர் கயிறு வாங்க தாஹாவின் கடைக்குப் போனார். கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டு, “பாய், நீதான் அந்த ஏழாம் நம்பரா?” என்று கேட்டு, போனை நீட்டினார்.

அரை மணி நேரத்தில் தாஹா தங்கை வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“உள்ள வாண்ணே, டீ போடறேன்” என்றாள் மெஹர்னிசா.

“இன்னாத்துக்கு? நான் அபாயம். கேட்டுக்கு வெளியவே நிக்கறேன். உம் புருசன் ஒரு போர்டு எழுதி என் கழுத்துல மாட்டட்டும். கல்யாணத்துக்கு நான் வரல. பத்திரமா சாப்டுங்க எல்லாரும்!”

தெரு முழுக்க அதைக் கேட்டது. ஹபிபுல்லா கையில் இருந்த புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார். திருப்பிய பிறகுதான் அதைப் படிக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

மெஹர்னிசா உள்ளே வந்து முந்தானையை உதறினாள். “இருவத்தெட்டு வருசமா வாயத் தொறக்காம இருந்தீங்களே, அப்படியே இருந்திருக்கக் கூடாதா? எங்கண்ணன் வராத கல்யாணத்துல எனக்கு இன்னா வேல? நான் அடுப்பாண்ட உக்காந்துக்கறேன். நீங்களும் உங்க போர்டும் போய் நின்னு எல்லாரையும் வாங்கன்னு கூப்டுங்க.”

மாஹிராவுக்குப் போன் போனது. அவள் அப்போதுதான் முதல்முறையாக அந்தப் பதினொரு பக்கத்தையும் படித்தாள். போனில் ஏதோ விக்கல் மாதிரி கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஹபிபுல்லாவுக்குப் புரியவில்லை.

“பக்கத்த எடுத்துட்டேன் வாப்பா. ஆனா பிரயோஜனம் இல்ல. எல்லாரும் போட்டோ புடிச்சி வெச்சிக்கினாங்க. ஒன்னு மட்டும் கேட்டுக்குங்க. எங்கிட்ட சம்மதம் கேக்க வர்ற சாட்சி தாஹா மாமாதான். சின்ன வயசுலருந்து அவருதான்னு பேச்சு. அவரு வந்து கேக்கலன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். நானும் உங்க பொண்ணுதானே?”

மௌனம் எத்தனை கெட்டியான பொருள் என்று ஹபிபுல்லாவுக்குத் தெரியாதா? மண்டபம் நிறைய ஆட்கள், காஜியார் பதிவேட்டை விரித்துக்கொண்டு காத்திருக்க, உள்ளே பெண் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நிக்காஹ் எப்படி நடக்கும்?

மறுநாள் லீவு போட்டுவிட்டு வலைக்கடைக்குப் போனார். ஒரு கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்தார். மன்னிப்பு என்கிற சொல்லை மனசுக்குள் பல விதமாக அடுக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றும் போர்டு வாசகம் மாதிரியே இருந்தது. நாற்பது நிமிஷம் போனது. வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். இரண்டு பேர் அவரைக் கடைக்குப் புதிதாக வந்த ஆள் என்று நினைத்து வலை விலை கேட்டார்கள்.

“மச்சான்,” என்றார் தாஹா கடைசியில், “மன்னிப்பு கேக்க வந்தியா, கயிறு வாங்க வந்தியா?”

ஹபிபுல்லா வாயைத் திறந்தார். மூடினார். அரைக் கிலோ நைலான் கயிற்றோடு வீடு திரும்பினார்.

மெஹர்னிசா அந்தக் கயிற்றைப் பார்த்த பார்வையை விவரிக்காமல் விடுவதே நல்லது.

வெள்ளிக்கிழமை மாஹிரா வீட்டுக்கு வந்துவிட்டாள். வெப்சைட்டில், வருகிறவர்கள் தங்கள் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் எழுத ஓர் இடம் விட்டிருந்தாள். கீழே ‘வேறு ஏதாவது?’ என்று ஒரு கட்டம். அதில் சைவச் சாப்பாடு, சர்க்கரை வியாதி என்று நாலு பேர் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். லேப்டாப்பை வாப்பாவின் மடியில் வைத்தாள்.

“இத பாருங்க. இன்னா பேஜாரு வாப்பா இது?”

முதல் வரி ஆலையில் கிரேன் ஓட்டும் வசந்தகுமாருடையது: ‘எட்டு பேர் வரோம். ஏழாம் நம்பர் பக்கத்துல எடம் வேணும்.’ அடுத்தது பொதட்டூர்பேட்டையிலிருந்து: ‘தாஹா மாமா சஹனில் ஒரு இடம், தயவுசெய்து.’ அதற்கடுத்தது மாப்பிள்ளையின் சித்தப்பா: ‘எங்க ஊர்ல நான்தான் ஏழாம் நம்பர். ஒரு கை பாத்துடலாம்.’ இப்படியே போனது. ஹபிபுல்லா விரலை வைத்து எண்ணினார். நாற்பத்து மூன்று.

அதை அச்செடுத்தார். எதையும் தாளில் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. ஜும்மா தொழுகை முடிந்ததும் வலைக்கடைக்குப் போய், அதே கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் தாளைக் கல்லாமேல் வைத்தார்.

தாஹா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். படித்து முடித்தும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து ஹபிபுல்லா பார்த்ததில்லை. அவருக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

“ஒரு சஹனுக்கு நாலு பேருதானே மச்சான்?” என்றார் தாஹா மெதுவாக. “நாப்பத்தி மூணு பேர எங்க உக்கார வெப்ப?”

ஹபிபுல்லா மீசையைத் தடவினார்.

“மாப்ள சித்தப்பா வேற ஒரு கை பாக்கணுமாம்! ஆளப் பாரு!” தாஹாவின் முகம் மலர்ந்தது. உடனே கோபமாக இருக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்து அதைச் சுருக்கிக்கொண்டார். “வரேன். ஆனா ஒரு கண்டிசன். இருவத்தெட்டு வருசமா ஒரு கல்யாணத்துலயாவது நீ எஞ் சஹன்ல உக்காந்திருக்கியா? புஸ்தகத்த வெச்சிக்கினு எங்கயோ ஒரு மூலையில உக்காந்துக்கினு, தூரத்துலருந்தே பாத்து எழுதிட்ட. இந்த வாட்டி நீ எம் பக்கத்துல உக்காரணும். எதிர்ல இல்ல. பக்கத்துல.”

“சரி” என்றார் ஹபிபுல்லா. அன்றைய நாற்பதில் அது முதலாவது.

ஞாயிற்றுக்கிழமை தாஹா வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, புதுத் தொப்பியோடு வந்தார். உள்ளே போய் மருமகளிடம் சம்மதம் கேட்டார். மாஹிரா “சம்மதம்” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது.

ஆண்கள் பந்தியில்தான் சிக்கல். தாஹா ஒரு சஹன் முன் உட்கார்ந்தார். பக்கத்தில் ஹபிபுல்லா. மற்ற இரண்டு இடத்துக்கு மாப்பிள்ளையின் சித்தப்பாவும் ஆலையிலிருந்து வந்த எட்டுப் பேரும் போட்டி போட்டார்கள். அந்த எட்டுப் பேர் தலையிலும் மஞ்சள் ஹெல்மெட்.

“சார், பாதுகாப்போட வந்திருக்கோம்” என்றான் வசந்தகுமார்.

ஒருவழியாக வசந்தகுமாரும் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். பின்னால் பொதட்டூர்பேட்டைக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால், அடுத்த சஹன்களிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர்கள். அத்தனை கையிலும் செல்போன், அத்தனையும் தாஹாவின் வலது கையைப் பார்த்தபடி.

தாஹா பிஸ்மி சொன்னார். கையைக் கொண்டுபோனார். கை அவர் பக்கத்து ஓரத்திலேயே நின்றது. நாலு பருக்கையை எடுத்து வாயில் போட்டார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. இன்னும் நாலு பருக்கை.

“வெக்கப்படறாரு” என்றார் யாரோ.

“மாமா, சும்மா ஆரமிங்க!” என்றார் சித்தப்பா.

தாஹாவின் நெற்றியில் வேர்வை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஹபிபுல்லாவின் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் சொன்னார்: “மச்சான், காலையிலருந்து ஒன்னியும் சாப்டல. இதுக்காவ வயித்த காலியா வெச்சிக்கினு வந்தேன். இவங்கள போவச் சொல்லு. எனக்குப் பசிக்குது.”

ஹபிபுல்லா கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரையும் போகச் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும் என்று கணக்குப் போட்டார். கட்டுபடியாகாது. இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். அவர் ஆலைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அங்கே ஒரு விசில் இருக்கும்.

மூன்று முறை ஊதினார்.

அந்தப் பதினொரு பக்கத்தை அத்தனை பேரும் எவ்வளவு கவனமாகப் படித்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஹெல்மெட்காரர்கள் வழிகாட்ட, மண்டபமே எழுந்து வேப்பமரத்தை நோக்கி ஓடியது. காஜியார் ஓடினார். மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். தொட்டி முன்னால் வழுக்கும் என்று சுற்றிக்கொண்டு ஓடினார்கள். கையில் இருப்பதை விட்டுவிட்டு வரவும் என்று எழுதியிருந்ததை மட்டும் யாரும் மதிக்கவில்லை. ஆளுக்கொரு கறித்துண்டோடு மரத்தடியில் நின்றார்கள்.

மண்டபம் அமைதியானது. மூன்றாவது மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது.

தாஹா சஹனைப் பார்த்தார். ஹபிபுல்லாவைப் பார்த்தார். சிரித்தார். ஹபிபுல்லா அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருக்கவில்லை. தன் பக்கத்தில் இருந்த பெரிய துண்டை விரலால் மெல்லத் தாஹாவின் பக்கம் நகர்த்தினார்.

வெளியே வசந்தகுமார் எண்ணுவது கேட்டது. முதலில் ஒரு முறை, பிறகு இன்னொரு முறை.

“சார்!” அவன் குரல் பதறியது. “சார், ரெண்டு பேரு கொறையறாங்க சார்!”

“சொல்லாத” என்றார் தாஹா, வாய் நிறைய.

ஹபிபுல்லாவுக்கு அது ஒன்றும் கஷ்டமான காரியம் இல்லை.