வான்கோழி இல்லாத வம்சம்

அமெரிக்கர்கள் வான்கோழி விருந்து வைக்கும் நன்றித் திருநாளன்று காலையில் நொரீன் வான்கோழியைத் தட்டிப் பார்த்தாள். கதவைத் தட்டினாற்போல் சத்தம் வந்தது. முந்தின நாள்தான் அதை ஃப்ரீசரிலிருந்து இறக்கி வைத்திருந்தாள். அந்தப் பருமனுக்கு உருக நாலைந்து நாளாவது வேண்டும் என்பது மாசசூசெட்ஸில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் வருஷாவருஷம் யாராவது கோட்டை விடுவார்கள்.

மற்றவர்களாயிருந்தால் சீன ஓட்டலுக்குப் போன் போட்டிருப்பார்கள். இது தர்லோ வீடு. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் 1621-இல் நடத்திய முதல் நன்றி விருந்துக்கு வான்கோழியைத் துப்பாக்கியால் சுட்டுக் கொடுத்ததே தங்கள் மூதாதை ஜோசையாதான் என்று நாத்தனார் கான்ஸ்டன்ஸ் ஒவ்வொரு வருஷமும் கறி வெட்டுவதற்கு முன்னால் எழுந்து நின்று சொல்வாள். ஆதாரம் என்ன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் கறி ஆறிவிடும்.

நொரீனின் கணவன் எலியட்டின் முதல் மனைவி ஒரு தடவை பறவையைக் கருக்கிவிட்டாள். விருந்து கான்ஸ்டன்ஸ் வீட்டுக்குப் போனது. கொஞ்ச நாளில் அந்த மனைவியும் போய்விட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எலியட் சொல்வான்; நொரீன் நம்பவில்லை. கெஞ்சிக் கூத்தாடி இந்த வருஷம்தான் விருந்தைத் தன் வீட்டுக்கு வாங்கியிருந்தாள். சொதப்பினால் தர்லோ குடும்பத்தில் அவள் கடைசிவரை விருந்தாளிதான்.

எலியட் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து பறவையின் பக்கத்தில் நின்றான். நொரீன் பார்த்த பார்வையில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

ஊர் நூலகத்தில் வேலை பார்ப்பவள் அவள். அந்த முதல் விருந்தைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதியவர்கள் மான் என்றார்கள், பறவைகள் என்றார்கள். வான்கோழி என்று குறிப்பாகச் சொல்லவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. உருளைக்கிழங்கு கிடையாது, முள்கரண்டி கிடையாது. விலாங்கு மீன் மட்டும் அந்தக் கரையில் தாராளம். நொரீன் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு கார்மைனிடம் ஓடினாள். அந்த இத்தாலிக்காரர் கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி சமைக்கவென்று நிலவறைத் தொட்டியில் விலாங்கு வளர்த்துவந்தார்.

"ஐயோ, அதுல கை வச்சா எங்கம்மா என்னைக் கொன்னுடுவாங்கம்மா."

"அவங்க கிறிஸ்மஸுக்குத்தானே கொல்லுவாங்க? என் நாத்தனார் இன்னைக்கே கொன்னுடுவாங்க."

கார்மைன் கான்ஸ்டன்ஸை ஒரு தடவை பார்த்திருக்கிறார். மறுபேச்சில்லாமல் வாளியை எடுத்தார்.

மதியம் கான்ஸ்டன்ஸ் கணவரோடு வந்து உட்கார்ந்தாள். மேஜையைப் பார்த்தாள்.

"வான்கோழி எங்க?"

"ஜோசையா தாத்தா காலத்துல என்ன சாப்பிட்டாங்களோ அதையே பண்ணியிருக்கேன் அண்ணி. உங்க வம்சத்துக்கு மரியாதையா இருக்கட்டுமேன்னு."

"முள்கரண்டி?"

"அப்போ ஏது அண்ணி? கைதான்."

கான்ஸ்டன்ஸ் ஊர் மூதாதையர் சங்கத்தின் தலைவி. எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குபவள். இப்போது பின்வாங்க வழியில்லை.

"அப்போ ஜோசையா எதைச் சுட்டார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எலியட் மெல்லுவதை நிறுத்தினான்.

"சுட்டாரோ என்னவோ அண்ணி. பூர்வகுடி ஆள் ஒருத்தர் சேத்துல இறங்கி, காலால மிதிச்சே விலாங்கு புடிச்சாராம். அது எழுதியே வச்சிருக்கு."

கான்ஸ்டன்ஸ் ஒரு விலாங்குத் துண்டை விரலால் எடுத்து வாயில் போட்டாள். வெகுநேரம் மென்றாள். இதோ, விருந்து போகப்போகிறது, தானும் போகப்போகிறோம் என்று நினைத்தாள் நொரீன்.

"எங்க தாத்தா சொல்லியிருக்கார்," என்றாள் கான்ஸ்டன்ஸ் கடைசியில். "ஜோசையாவுக்குப் பெரிய பாதம்."

சாயங்காலத்துக்குள் அந்தப் பாதம் இன்னும் வளர்ந்தது. காப்பி வருவதற்குள், அந்தப் பூர்வகுடி ஆளுக்கே ஜோசையாதான் மிதிக்கக் கற்றுக்கொடுத்தார் என்றாகிவிட்டது. நொரீன் வாயைத் திறந்தாள். எலியட் அவள் காலை மிதித்தான். கறி வெட்டும் வேலை இல்லாததால் பேச்சு நிற்கவும் இல்லை.

கிளம்பும்போது கான்ஸ்டன்ஸ் முதல்முறையாக அவள் கன்னத்தில் முத்தமிட்டாள். மீன் வாடை அடித்தது.

"இனிமே வருஷாவருஷம் விருந்து இங்கதான், நொரீன். நீதான் அதைச் சரியாப் பண்றே. ஆனா ஒண்ணு, எதையும் மாத்திடாதே. நானூறு வருஷமா இப்படித்தான் சாப்பிட்டுட்டு வர்றோம்."

கார் போன பிறகு நொரீன் வாசலிலேயே நின்று அழுதாள். அவ்வளவு சந்தோஷம். விலாங்கு அவளுக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் முடியாது.