ஷவரில் தண்ணீர் வரவில்லை

சங்கரிக்குக் கோபம் வந்துவிட்டால் நியாயம் அநியாயம் எல்லாம் அப்புறம்தான். வண்ணார்பேட்டை ஃபிளாட்டின் குளியலறையில் ஷவர் நூலாக ஒழுகத் தொடங்கியதுமே, குற்றவாளி கீழ்வீட்டு மைதீன் பாத்திமா என்று தீர்மானித்துவிட்டாள். அவள் வீட்டில் புது வாஷிங் மெஷினுக்கு மோட்டார் வைத்திருக்கிறார்கள். போதாதா?

ஆத்திரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கணவர் திருஞானசம்பந்தத்துக்கு வாதம் வந்து வலக்கை விழுந்துபோயிருந்தது. பேட்டையில் லேத் பட்டறை நடத்தி, ஆட்களை அதட்டியே பழகிய மனுஷர். இப்போது சோறு பிசைந்து கொடுக்க வேண்டும், பித்தான் போட்டுவிட வேண்டும். ஷவருக்கு அடியில் நின்று குளிப்பது ஒன்றைத்தான் தானாகச் செய்துகொண்டிருந்தார். அவர் குளிக்கும் சத்தத்தைக் கேட்டுத்தான், ஆள் தேறிவிடுவார் என்று சங்கரி நம்பினாள். இந்த வாரம் அதுவும் போய்விட்டது. அடுக்களையிலிருந்து வாளியில் சுமந்து வந்து அவள்தான் ஊற்றுகிறாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

கீழே போய் பாத்திமாவை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

“உன் மோட்டாரு எங்க தண்ணியையும் சேத்துல்லா இழுக்கு? சீக்காளி இருக்க வீடுன்னு கொஞ்சமாவது நெனச்சியா?”

பாத்திமாவின் முகம் சுண்டிவிட்டது. “மோட்டாரு ரிப்பேராகி ஒரு வாரமா கடையில கெடக்குக்கா. உங்க அடுக்களையில தண்ணி வருதுல்லா? அப்போ குளியலறை வால்வைப் பாருங்க.”

அடுக்களையில் நன்றாகத்தான் வந்தது. தினமும் அங்கிருந்துதானே சுமக்கிறாள். கோபத்தில் மூளைக்கு எட்டினால்தானே.

மேலே வந்து, குளியலறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் இருந்த வால்வைப் பிடித்துத் திருகினாள். கிட்டத்தட்ட முழுக்க மூடிக் கிடந்தது. திறந்ததும் ஷவர் சடசடவென்று கொட்டியது.

“ஏங்க, தண்ணி வந்துட்டு,” என்று பூரித்துப்போய்த் திரும்பினாள்.

வாசலில் நின்றவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்களா மூடுனீங்க?”

அவர் இடக்கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்குக் குளிக்கும்போது கால் வழுக்கிட்டு. குழாயைப் பிடிச்சு நின்னுட்டேன். பிடிக்கதுக்கு ஒரு கைதான இருக்கு. அதான் வால்வை மூடிட்டேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“என்னன்னு சொல்லுவேன்? பயந்து வருதுன்னா?”

ஊரோடு சண்டைக்குப் போனவள், கூட இருக்கிற மனுஷரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

அழைப்பு மணி அடித்தது. பாத்திமாதான். அவ்வளவு ஏச்சு வாங்கியும் மனசு கேட்காமல் ஸ்பானரும் கையுமாக வந்து நின்றாள்.

“வால்வுதானாக்கா? யாரு மூடுனா?”

உள்ளே ஷவர் சத்தம் நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சங்கரிக்குத் தெரிந்தது.

“நாந்தான். சுவரைக் கழுவும்போது மூடிட்டு மறந்திருக்கேன். கூறு இல்லாம உன்னையும் ஏசிட்டேன். மனசுல வச்சுக்காத பாத்திமா.”

“நல்ல ஆளுக்கா நீங்க. அடுத்த தடவ வால்வைப் பாத்துட்டு ஏச வாங்க,” என்று சிரித்துக்கொண்டே பாத்திமா படியிறங்கினாள்.

சங்கரி கதவைச் சாத்தினாள். குளியலறையில் முக்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“சங்கரி,” என்று கூப்பிட்டார். “வந்து தண்ணி ஊத்து. தனியா நிக்கப் பயந்து வருது.”