மாமி வீட்டுச் சனிக்கிழமை

காலைப் பூசை முடிந்து, வழியில் பாணும் வாங்கிக்கொண்டு புளோறன்ஸ் கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் திரும்பியபோது, அவளுடைய வீட்டுப் படியில் தம்பி பெண்சாதி செலீன் இருந்தாள். பக்கத்தில் மகள் பிறிஜி, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு. அன்றைக்குப் பௌர்ணமி, போயா விடுமுறை. கையில் அகப்பட்ட உடுப்பைப் போட்டுப் பிள்ளையைக் கூட்டி வந்திருக்கிறாள் என்று புளோறன்ஸுக்கு உடனே விளங்கியது. செலீனின் இடது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

"என்ர ஆக்கள் எல்லாரும் மன்னாரில, மச்சாள். கொழும்பில உங்களை விட்டா எனக்கு வேற ஆரும் இல்லை. நீங்கள் அவற்ற அக்கா. வேண்டாம் எண்டு சொன்னா எழும்பிப் போறன்."

"முதல் உள்ளுக்கு வா. பிள்ளை தேத்தண்ணி குடிச்சுதோ?"

புளோறன்ஸின் புருஷன் ஸ்ரனிஸ்லாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் அறையிலிருந்து கொட்டாவி விட்டபடி வந்தார், மணிக்கட்டைப் பார்த்தார், கொட்டாவியைப் பாதியிலேயே விழுங்கினார். ஒரு கேள்வியும் கேட்காமல் சேட்டை மாட்டிக்கொண்டு போய், ஐஸ் கட்டியும் பிள்ளைக்கு மீன் வைத்த மாலுபாணும் வாங்கி வந்தார்.

புளோறன்ஸ் அந்த வீக்கத்துக்கு ஐஸ் வைத்தாள். இப்படி முறுக்கிப் பிடிக்கிற பிடியை அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பாவின் பிடி அது. அம்மா நேரத்தோடு கண்ணை மூடிவிட்டார். அதன் பிறகு அப்பா குடித்துவிட்டு வருகிற நேரமெல்லாம் சின்னத் தம்பி ஒஸ்வால்டைத் தூக்கிக்கொண்டு காலிமுகத்திடலுக்கு ஓடினது அவள்தான். அவனைக் குளிப்பாட்டி, படிப்பித்து, காப்புறுதிக் கொம்பனியில் வேலைக்குப் போகும்வரை ஆளாக்கினதும் அவள்தான். கலியாண வீடுகளில் பாடி எல்லாரையும் சிரிக்க வைக்கிற அந்தப் பிள்ளை, தெமட்டகொடையில் தன் வீட்டுக் கதவைச் சாத்தின பிறகு அப்பாவாக மாறுகிறான் என்பதை அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

பின்னேரம் ஒஸ்வால்ட் பொம்மையோடு வந்தான். கண் கலங்கியிருந்தது. "அக்கா, சின்னக் கோவம். வாங்கோ எண்டு சொல்லுங்கோ, கூட்டிக்கொண்டு போறன்."

ஸ்ரனிஸ்லாஸ் வாசலை நிறைத்துக்கொண்டு நின்றார். "மச்சான், பொம்மையைத் தந்திட்டுப் போ. அவை இப்ப வரமாட்டினம்."

அந்த வாரமே செலீன் வெள்ளவத்தையில் இருந்த பஹ்மியா என்ற சட்டத்தரணியைப் போய்ப் பார்த்தாள். பஹ்மியா நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுத்துக் கொடுத்தாள். ஒஸ்வால்ட் செலீனுக்குக் கிட்ட வரக் கூடாது. அதற்குப் பதிலடியாக ஒஸ்வால்ட் பிள்ளையைத் தன்னிடம் தரச்சொல்லி வழக்குப் போட்டான். தாய் வீட்டை விட்டு ஓடிவிட்டாள், பிள்ளைக்குச் சொந்த வீடும் சொந்தக் கட்டிலும் இருக்கிறது, தான் ஒருநாளும் பிள்ளை மீது கை வைத்ததில்லை என்று சொன்னான்.

கடைசியாகச் சொன்னது உண்மைதான். அதுதான் புளோறன்ஸைக் குடைந்தது. பிறிஜிக்குக் காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போகாமல் மடியில் வைத்திருக்கிற தகப்பன் அவன்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரனிஸ்லாஸ் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஓவர். விக்கெற் விழுந்ததும் கதிரையில் இருந்து துள்ளி, "அவுட்டு!" என்று ஒழுங்கை அதிரக் கத்தினார். தரையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்த பிறிஜி பென்சிலை வைத்தாள். அழவில்லை, ஓடவில்லை. வாசலுக்குப் போய்த் தாயின் செருப்பை எடுத்து வந்து, குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற செலீனின் காலடியில் நேராக வைத்தாள். பிறகு தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், புறப்படுவோம் என்கிற மாதிரி.

செலீன் மகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். ஸ்ரனிஸ்லாஸ் ரீவியை நிற்பாட்டினார். "இது இண்டைக்குப் பழகின பழக்கம் இல்லை, புளோறி," என்றார் மெல்ல. அதன் பிறகு அவர் கிரிக்கெட்டைச் சத்தமில்லாமல்தான் பார்த்தார். சிக்ஸர் அடித்தாலும் தொடையில் மெத்தென்று தட்டிக்கொள்வதோடு சரி.

புளோறன்ஸ் பஹ்மியாவுக்கு அதைச் சொன்னபோது அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "இத கோர்ட்ல சொல்லுவீங்களா அன்ரி? கட்டாயமில்ல. உங்கட தம்பி."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் கேட்டாள். "நான் சொன்னா அவன் இனி என்ர முகத்தில முழிப்பானோ?"

"முழிக்காட்டி நான் போய்க் காதைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறன். நீ கண்டதைச் சொல்லு."

புதுக்கடை நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறினாள். சிங்களத்தில் தாராளமாகச் சொல்லத் தெரியும். ஆனால் தம்பியைப் பற்றி வேறு பாஷையில் சொல்ல மனம் வரவில்லை. தமிழில் சொன்னாள், மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நீங்கள் என் கட்சிக்காரருக்குச் சொந்த அக்கா. அப்படியிருந்தும் அவருக்கு எதிராகச் சொல்ல வந்திருக்கிறீர்களா?" என்று ஒஸ்வால்டின் சட்டத்தரணி கேட்டார்.

"எதிராக இல்லை, ஐயா. அவனை வளர்த்தது நான். பிள்ளையில அவனுக்கு உயிர், அதையும் எழுதிக்கொள்ளுங்கோ. அவன் பிள்ளைக்கு அடிக்கேல்லை. ஆனா வீட்டில ஆரும் சத்தம் போட்டா, அந்தப் பிள்ளை தாயின்ர செருப்பை எடுத்துக்கொண்டு வந்து வைக்குது. ஏழு வயசு. அவளுக்கு ஆரும் அதைச் சொல்லிக் குடுக்கேல்லை."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். ஒஸ்வால்ட் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினான். நீதிபதி அம்மா பிறிஜியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ரொபி கொடுத்து, தனியாகக் கதைத்தார்.

பிள்ளை தாயோடு இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தகப்பன் சனிக்கிழமை பகலில் புளோறன்ஸின் வீட்டில், அவள் இருக்கும்போது பார்க்கலாம். கோபத்தை அடக்குவதற்கு ஆலோசனைக்கும் அவன் போக வேண்டும். வாசலில் ஒஸ்வால்ட் அக்காவைத் திரும்பிப் பாராமல் கடந்து போனான்.

செலீன் வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை எடுத்து, பக்கத்திலேயே ஒரு அறையில் குடியேறினாள். முதல் சனிக்கிழமை புளோறன்ஸ் போய்ப் பிறிஜியை பஸ்ஸில் கூட்டி வந்தாள். இறால் குழம்பு வைத்தாள், தம்பிக்குப் பிடிக்கும் என்று. அவன் வரவில்லை. அடுத்த சனியும் இல்லை. பிறிஜி மாமாவோடு இருந்து சத்தமில்லாத கிரிக்கெட்டைப் பார்த்தாள். அவர் தொடையில் தட்டிக்கொண்டதைக் கண்டு, "மாமா, நீங்கள் சத்தம் போடலாம். நான் பயப்பிட மாட்டன்," என்றாள்.

"மெய்யாவோ?"

"கொஞ்சமாப் போடுங்கோ."

ஸ்ரனிஸ்லாஸ் பூனைக்குட்டி கத்துகிற அளவில் "அவுட்டு" என்றார். பிறிஜி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை, ஒழுங்கை முடக்கில் ஒஸ்வால்ட் நிற்கிறான் என்று பக்கத்து வீட்டு ருக்கியா வந்து சொன்னாள். புளோறன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அவன் மெலிந்து போயிருந்தான்.

"என்னை எல்லாருக்கும் முன்னால நாறடிச்சிட்டியள், அக்கா."

"ஓம். எனக்கும் நோகுதுதான். நீ சின்னனில என்ர சட்டைக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு நடுங்கினதை நான் மறக்கேல்லை, தம்பி. உன்ர பிள்ளையும் அப்பிடி நடுங்கிறதை நான் எப்பிடிப் பார்த்துக்கொண்டிருக்கிறது?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "ஆலோசனைக்குப் போறன். இரண்டு தரம் போனனான். அப்பாவைப் பற்றிக் கேக்கினம். நான் ஒண்டும் சொல்லேல்லை."

"மெல்ல மெல்லச் சொல்லு. இப்ப உள்ளுக்கு வா, குழம்பு ஆறுது. உள்ளுக்கு வந்தா மெல்லக் கதைக்க வேணும். அவளிட்டத் தாயைப் பற்றி ஒரு சொல் கேக்கக் கூடாது. கேட்டியெண்டா அண்டையோட நீ இஞ்ச வாறது முடிஞ்சுது."

"ஓம் அக்கா."

பிறிஜி முதலில் மாமாவின் கதிரைக்குப் பின்னால்தான் நின்றாள். ஒஸ்வால்ட் அவளைக் கூப்பிடவில்லை; தரையில் இருந்து இறாலை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவள் வந்து தட்டுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

விளையாடியதில் பின்னல் அவிழ்ந்துவிட்டது. "டடி, பின்னிவிடுங்கோ," என்றாள். அவன் அக்காவைப் பார்த்தான். புளோறன்ஸ் சீப்பை நீட்டினாள். அவன் மூச்சுப் பிடித்துக்கொண்டு, வெடிகுண்டைக் கையாளுகிறவன் மாதிரி பின்னினான்.

பின்னேரம் புளோறன்ஸ் பிறிஜியைக் கூட்டிப் போனபோது, வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்தில் செலீன் காத்து நின்றாள். மகளைத் திருப்பிப் பார்த்தாள். "இது ஆர் பின்னினது?"

"டடி."

செலீன் பின்னலைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். பிறகு, "சணல் கயிறுபோல கிடக்கு," என்றாள். தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவிழ்த்துத் திரும்பப் பின்னத் தொடங்கினாள்.

"நான் திரும்பிப் போகமாட்டன், மச்சாள்," என்றாள் பின்னிக்கொண்டே.

"போகச் சொல்லி நான் கேக்கேல்லையே. சாப்பிட்டியோ நீ?"

புளோறன்ஸ் பையிலிருந்து இறால் குழம்புப் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். தம்பிக்கு வைத்ததை விட இது பெரிய பங்கு.