ஹாஜியார் மேசையில் நீலக்கல்

லக்கல ஊர்ப் பக்கத்து ஆற்றோர மாணிக்கக் குழியில் கிடைத்த நீலக்கல் ஒரு வாரமாக அழகமுத்துவின் வீட்டில்தான் இருந்தது. விற்கும்வரை கூட்டாளிகளில் ஒருவன் வைத்திருப்பான், மற்றவன் ‘காட்டு’ என்று கேட்கக் கூடாது. குழிக்காரர் வழக்கம் அது. குழியில் அவனுக்குப் பங்காளியான புஹாரியும் கேட்கவில்லை. ஆனால் தூக்கம் வந்தால்தானே! தன் நிழலையே ‘நீ யார்?’ என்று விசாரிக்கிற ஆள் அவன்.

மாத்தளையில் ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் கல் கடைக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ஹாஜியார் சின்ன விளக்குப் பெட்டி ஒன்றை எரியவிட்டார். அதன்மேல் ஒரு கறுப்பு வில்லை, அதற்கு மேலே இன்னொன்று. மேல்வில்லையைத் திருகத் திருக வெளிச்சம் மங்கிக்கொண்டே போய், கடைசியில் முழுக்க அணைந்தது.

“கீழ்வில்லை ஒரு திசையில ஆடுற வெளிச்சத்த மட்டுந்தான் விடும். மேல்வில்லை குறுக்கால நின்டா அதையும் மறிச்சிரும். நடுவுல நல்ல நீலத்த வெச்சுச் சுத்தினா வெளிச்சம் வந்து வந்து போகும். கண்ணாடின்டா இருட்டுத்தான்.”

அழகமுத்து கொடுத்த கல்லை நடுவில் வைத்தார். சுற்றினார். இருட்டு. இன்னும் சுற்றினார். அதே இருட்டு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். புஹாரி அழகமுத்துவின் பக்கம் திரும்பினான்.

“மாத்திட்டியாடா?”

“புஹாரி நானா, என்ன பேசுறீங்க?”

“குழியில கெடச்சது நீலம். உன்ட வீட்டுல இருந்து வந்தது கண்ணாடி. நடுவுல கை வெச்சது ஆரு, ஜின்னுப் பேயா?”

சொல்லிக்கொண்டே, ஹாஜியார் கண்முன்னால், அழகமுத்துவின் சட்டைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினான். வெற்றிலையும் பஸ் டிக்கட்டும்தான் வந்தன. அழகமுத்து தடுக்கவில்லை. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

“இரி புஹாரி!” ஹாஜியார் அதட்டினார். “இது தட்டைக் கல்லு, மல்லாந்து கெடக்கு. இந்தப் பக்கத்தால பாத்தா நல்ல நீலமும் இருட்டாத்தான் இருக்கும்.”

இடுக்கியால் கல்லை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றினார். பளிச்சென்று வெளிச்சம் வந்தது. போனது. மறுபடி வந்தது.

“அசல் நீலம்.”

யா அல்லா! சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் புஹாரிக்கு வெட்கம்தான் வந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால்?

“முத்து... வா, தேத்தண்ணி குடிச்சிட்டு வருவோம்.”

அழகமுத்து கைகளை இறக்கினான். புஹாரியை ஏறெடுத்தும் பார்க்காமல் ஹாஜியாரிடம் சொன்னான்:

“கல்லு வித்த காசுல என் பங்கை நீங்களே எடுத்து வைங்க ஹாஜியார். நான் வந்து வாங்கிக்கிறேன். இவரு கையால எனக்கு வேணாம்.”